வாசற்படியில் காவல்

கசெற் ஓடத் தொடங்கியதும் ஸ்ரனிஸ்லாஸின் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. பாத்திரத் தொட்டியின் முன் நின்று அவன் செபமாலை சொல்கிறான் என்றுதான் அந்த உணவகச் சமையலறையில் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

மன்னாரிலிருந்து வந்தவன். பேர்லினுக்கு வந்து ஒன்பது மாதங்களில் ஒரு சொல் கூடப் பேசியதில்லை. ஷெல் விழுந்த அதிர்ச்சியில் பேச்சுப் போயிருக்கும் என்று யாரோ சொன்னது அப்படியே நிலைத்துவிட்டது.

"சகோதரர்களே, திரும்பி வாருங்கள்," என்றது கசெற். "உங்கள் வாசற்படியில் நான் காவல் நிற்பேன்."

சமையற்காரர் பரராசசிங்கம் வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். போன வருடம் கொழும்பிலிருந்து வந்த கசெற் அது. சிங்களப் படங்களில் கதாநாயகனாக நடித்துப் பிறகு அமைச்சரான ஒருவரின் பேச்சு.

"சிங்களவன் பேசிற தமிழாடா இது? எங்கட வாத்திமாருக்கே இப்பிடி வராது."

"நடிகன்தானே அண்ணை, பாடமாக்கியிருப்பார்," என்றான் பரிமாறும் ரவிச்சந்திரன். "மேடையிலை முழுக்கச் சிங்களம்தான். தமிழ் கசெற்றிலை மட்டும்."

"உனக்கு எல்லாத்திலையும் நொட்டை."

மூன்று வாரம் பிந்தி வந்த கொழும்புப் பத்திரிகை மேசையில் விரிந்து கிடந்தது. முதல் பக்கம் முழுவதும் ஒரே கேள்வி. ஜனாதிபதித் தேர்தலில் நடிகர் போட்டியிடுவாரா?

"என்னவாம், நிப்பாரோ?"

"நிப்பார் எண்டு ஒருத்தர் எழுதுறார். நிக்கமாட்டார் எண்டு இன்னொருத்தர். ஆள் வாயே திறக்கேல்லையாம். படத்திலை பதினெட்டுப் பேரை அடிக்கிறவருக்கு ஒரு 'ஓம்' சொல்லப் பயம்."

"பேசாமல் இருக்கிறவன்தான் விஷயகாரன். எங்கட ஸ்ரனிசைப் பார்."

இருவரும் சிரித்தார்கள். ரவிச்சந்திரன் பக்கத்தைப் புரட்டினான்.

"இஞ்சை ஒண்டு கிடக்கு. இந்தக் கசெற் பதிஞ்ச ஸ்ரூடியோக்காரனை மூண்டு மாசமாக் காணேல்லையாம்."

"எதிராளியள் ஆரும் செய்திருப்பாங்கள்."

ஸ்ரனிஸ்லாஸ் தண்ணீர்க் குழாயை முழுவதும் திறந்துவிட்டான். கசெற்றின் குரல் அந்த இரைச்சலில் அமுங்கிப் போனது.

பரராசசிங்கத்தின் கோட்டுப் பையில் ஒரு படிவம் நாலாய் மடிந்து கிடந்தது. அவருடைய அகதி விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். மேல்முறையீடு செய்யலாம், அல்லது தானாகவே நாடு திரும்பச் சம்மதம் என்று கையெழுத்து வைக்கலாம். அதற்கு இன்று மூன்று மணிக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் வரச்சொல்லி டெர்மின் கொடுத்திருந்தார்கள்.

மனைவியும் மகளும் வவுனியாவில் ஒரு முகாமில் இருந்தார்கள். மகளுக்கு ஐந்து வயது. அவளை அவர் போட்டோவில் மட்டுமே கண்டிருந்தார்.

"நிண்டால் வெல்லுவார். வெண்டால் சொன்ன சொல்லைக் காப்பாத்துவார்," என்றார். "நான் போறன். முடிவெடுத்திட்டன்."

"அப்பீல் போடுங்கோ அண்ணை. ஏலும் எண்டு வக்கீலம்மா சொன்னவ எல்லே?"

"இன்னும் மூண்டு வருசம் வெங்காயம் வெட்டச் சொல்லுறியோ? அந்தக் குரலிலை பொய் இல்லையடா. எனக்குத் தெரியும்."

ஸ்ரனிஸ்லாஸ் குழாயை மூடினான். ஈரக் கையைத் துடைத்து, ஓடர் எழுதும் துண்டு ஒன்றைக் கிழித்து, ஏதோ எழுதி அவரிடம் நீட்டினான்.

'போகவேண்டாம்.'

"ஏன்ராப்பா?"

பென்சில் மறுபடியும் தாளில் பட்டது. ஒரு புள்ளி விழுந்தது. அதற்கு மேல் அது நகரவில்லை. ஸ்ரனிஸ்லாஸ் மேசையில் கிடந்த பத்திரிகையைப் பார்த்தான். பிறகு தாளைக் கசக்கிக்கொண்டு தொட்டியடிக்குத் திரும்பிப் போனான்.

"அவருக்கு எல்லாத்துக்கும் பயம் அண்ணை," என்று ரவிச்சந்திரன் தாழ்ந்த குரலில் சொன்னான். "அகதி ஹைமிலை எனக்குப் பக்கத்துக் கட்டில். துவாயைச் சுருட்டிப் பல்லுக்கிடையிலை வைச்சுக் கடிச்சுக்கொண்டுதான் படுக்கிறவர். ஒவ்வொரு நாளும்."

"பாவம். என்னத்தைக் கண்டிட்டு வந்தானோ."

முன்பக்கம் யாரோ வந்து மணியடிக்க, ரவிச்சந்திரன் தட்டத்தை எடுத்துக்கொண்டு போனான். பரராசசிங்கம் ரேப் ரெக்கோடரை நிறுத்தினார். கசெற்றை வெளியே எடுத்து, ஊதித் துடைத்து, படிவத்தோடு சேர்த்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார்.

"இது என்னோடை வரட்டும்," என்றார் ஸ்ரனிஸ்லாஸின் முதுகைப் பார்த்து. "வாறன் ஸ்ரனிஸ். எனக்கும் சேர்த்துச் செபம் சொல்லு."

கோட்டைப் போட்டார். பின்கதவின் பிடியில் கை வைத்தார். வெறும் ரேப் ரெக்கோடர் வாயைத் திறந்தபடி சுவர்த்தட்டில் இருந்தது. குழாயில் ஒரு சொட்டுச் சத்தம் கூட இல்லை.

அப்போது பின்னாலிருந்து கசெற்றின் குரல் கேட்டது. சற்றுக் கரகரத்திருந்தது, ஆனால் அதே குரல்தான். பரராசசிங்கத்தின் கை தானாகவே கோட்டுப் பைக்குப் போனது. கசெற் உள்ளேதான் இருந்தது.

மெல்லத் திரும்பினார். தொட்டியடியில் ஸ்ரனிஸ்லாஸ் மட்டும் நின்றான். அவன் உதடுகள் அசைந்தன.

"அவங்கள் எழுதித் தந்ததை வாசிச்சது நான் அண்ணை, போகாதேங்கோ."