சீமைப் பொடி

யோக்யகர்த்தாவிலிருந்து வந்த அரசாங்க வண்டி தெருமுனையில் திரும்பியபோது, சுகிர்ஜோ கடைசிக் கேனை வாழைமரத்தடியில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அவசரத்தில் பாதி கைலியில் கொட்டியது.

கேனில் இருந்தது டோஃபு பிழிந்த தண்ணீர். பக்கத்துப் பட்டறையில் சாக்கடைக்குப் போவதை இவர் சும்மா வாங்கி வந்து தேங்காய்த் தண்ணீரில் கலப்பார். அந்தத் தீனியில்தான் கொட்டகைத் தட்டுகளில் நாட்டா என்னும் வெள்ளை ஜெல்லி ஏடு கட்டும்.

ஊரில் அவர் சொல்லிவைத்திருந்ததோ வேறு. 'எங்கள் நாட்டாவுக்குத் தீனி சீமைப் பொடி மட்டுமே' என்று வாசலில் பலகை. கண்ணாடி அலமாரியில் வெளிநாட்டு டப்பா ஒன்று, காலியாக.

போன வாரம் அடுத்த ஊரில், நாட்டாவில் வயல் உரத்தைக் கலந்தவனின் கொட்டகைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை.

"நாம என்ன விஷமா ஊத்துறோம்? உள்ளதைச் சொல்லிடுங்களேன்," என்றாள் மனைவி வார்சினி.

"வாயை மூடு. பொழப்பே போயிடும்."

மூன்று பேர் இறங்கினார்கள். முன்னால் ஒரு பெண் அதிகாரி. பின்னால் டிரைவர், சிவப்புத் துணி சுற்றிய பலகையோடு. சீல் அறிவிப்புதான், சந்தேகமில்லை. மூன்றாமவர் கழுத்தில் கேமரா.

"நல்ல பாத்திக் சட்டை இருந்தா மாத்திக்கிட்டு வாங்க, பாக் சுகிர்ஜோ," என்றார் கேமராக்காரர்.

பிடித்துப் போகுமுன் படம் எடுப்பார்கள் என்று சுகிர்ஜோ கேள்விப்பட்டிருந்தார்.

கொட்டகை மூலையில் ஒரு குவளையைக் கொட்ட மறந்திருந்தார். அதிகாரி அதை எடுத்து முகர்ந்தார். "இது டோஃபு தண்ணிதானே?"

"என் வயித்து மருந்து, அம்மா," என்று வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். புளிப்பில் கண் கலங்கியது.

அதன்பின் அவரை நிறுத்த முடியவில்லை. பொடி கப்பலில் வருகிறதாம், விலையே பார்ப்பதில்லையாம், ஓசித் தண்ணீரெல்லாம் இந்த வாசலைத் தாண்டாதாம். ஏதோ சொல்ல வந்த வார்சினியின் காலை மிதித்தார்.

அதிகாரி காலி டப்பாவைப் பார்த்தார், அவரையும் பார்த்தார். சீல் வைக்கவில்லை. சுகிர்ஜோவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அதிகாரி டிரைவரிடம் திரும்பினார்.

"பரிசுப் பலகையை வண்டியில வைங்க; டோஃபு தண்ணியில நாட்டா வளக்கறவர் இவர் இல்லையாம்."