லிட்மஸ் வரல சார்!

“இன்னா டீச்சர் இது? லேபா, பிரியாணிக் கடையா?”

செய்முறைத் தேர்வு நடத்த வந்த வெங்கடேசன் சார் மூக்கைப் பொத்திக்கொண்டார். பாவம், கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, மலைப்பாதை முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டே வந்த மனுசன். கரியாலூர் தாண்டி வந்து இறங்கினால், பள்ளிக்கூடமே வெங்காய நாற்றம் அடிக்கிறது. கோபம் வராதா பின்னே!

மேசைக்கு மேசை, நறுக்கிய வெங்காயத்தோடு டப்பாவில் மூடி வைத்திருந்த துணித் துண்டுகள்.

“அமிலத்தையும் காரத்தையும் கலந்து சமன் பண்ணிட்டு, எது மிச்சம்னு லிட்மஸ் பேப்பர்ல பாக்கணும். பேப்பர் எங்க?”

“லிட்மஸ் வரல சார்!” மொத்த வகுப்பும் ஒரே குரலில் கத்தியது.

கண்ணகி டீச்சர் தலை குனிந்துகொண்டார்.

“வரலையா, வந்து காணாமப் போச்சா? வெங்காயத்துக்கெல்லாம் மார்க் கிடையாது. எல்லாருக்கும் முட்டைதான். உங்க மேலயும் ரிப்போர்ட் எழுதுவேன் டீச்சர்.”

“ஒரு தடவ பாத்துட்டு எழுதுங்க சார்.”

வெங்கடேசன் சார் தானே ஒரு கலவையைத் தயார் செய்து, முதல் மேசையில் நின்ற கலையரசியின் கையில் கொடுத்தார். “சொல்லு, இதுல இன்னா மிச்சம்?”

அவள் துணியை அதில் நனைத்து, தண்ணீரில் அலசி, முகர்ந்தாள். “காரம் சார். காரம் பட்டா வெங்காய வாசன ஓடிடும்.”

ஒரு சொட்டு அமிலம் விட்டார். வேறு துணியை நனைத்து, அலசி, முகர்ந்தாள்.

“இப்ப வாசன நிக்குது. காரம் இல்ல.”

“அமிலம் ஜாஸ்தியா இருந்தா?”

கொஞ்சம் கலவையில் சோடா உப்பைப் போட்டு, சோதனைக் குழாயைக் காதோரம் வைத்தாள். “அமிலம் இருந்தா பொங்கும். பொங்குற சத்தமே இல்ல சார். ரெண்டும் இல்ல. சமனாயிடுச்சு.”

நம்பாமல், தன் பையிலிருந்த லிட்மஸை எடுத்துச் சத்தமில்லாமல் நனைத்துப் பார்த்தார். சிவப்பு சிவப்பாகவே இருந்தது. நீலமும் மாறவில்லை.

அடேங்கப்பா! இத்தனை வருஷமாகப் பாடம் எடுக்கிறார், மூக்கையும் காதையும் வைத்து இவ்வளவு துல்லியமாகச் சொன்னவர்களை இன்றுதான் பார்க்கிறார்.

“இங்க வாம்மா.”

கலையரசி மேசையைத் தடவித் தடவி வந்தாள். அப்போதுதான் அவள் கண்களைப் பார்த்தார்.

டீச்சரை ஓரமாக அழைத்தார். “பார்வை இல்லாதவங்களுக்குத்தான் விலக்கு இருக்குதே டீச்சர்?”

“வேணாம்னுட்டா சார்.”

“சரி, அவளுக்கு வெங்காயம். மத்த புள்ளைங்களுக்கு இன்னாத்துக்கு?”

டீச்சர் அலமாரியைத் திறந்தார். உள்ளே லிட்மஸ் கட்டுகள், பிரிக்காமல் அடுக்கடுக்காக இருந்தன.

“மெதுவா பேசுங்க சார். அவளுக்கு மட்டும் வெங்காயம் குடுத்த அன்னிக்கு, தனக்கு மட்டும் தனியா ஒண்ணு வச்சிருக்கீங்களான்னு அழுதுட்டா. அதான் புள்ளைங்களே கூடிப் பேசி, லிட்மஸே வரலன்னு அவகிட்ட சொல்லி வச்சிருக்காங்க. என்னைத் திருடின்னு எழுதினாலும் பரவால்ல சார்.”

“சார்,” பின்னாலிருந்து கலையரசியின் குரல் கேட்டது. “உங்க ஸ்கூலுக்காவது லிட்மஸ் வந்துச்சா?”

வகுப்பே திரும்பி அவரைப் பார்த்தது.

“எங்க வந்துச்சும்மா!” சத்தமாகச் சொன்னார் வெங்கடேசன் சார். “ஜில்லா பூரா வரல. நானும் போற வழியில வெங்காயம்தான் வாங்கிக்கினு போவணும்.”