சொல்லிக் கொடுத்த பதில்

“கறுப்பர் யாராவது வீடு கேட்டு வந்தா, நிறத்தைப் பத்தி வாயே திறக்காதீங்க சார். சட்டம் சும்மா விடாது. ‘இப்பத்தான் வேற ஒருத்தருக்குக் கொடுத்தேன், ரொம்ப வருத்தம்’னு சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க.”

“பலே மேடம்! பிழைக்கத் தெரிஞ்சவங்க நீங்க!”

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர வீட்டுக்காரர் சங்கத்தின் ஆலோசகர் வெர்னிஸ், சிரித்தபடியே அழைப்பை முடித்து, சங்கத்துக் கைபேசியைப் பையில் போட்டாள்.

மாலையில் வீடு பார்க்கப் போனாள். அம்மாவின் சக்கர நாற்காலி நுழைகிற மாதிரி தரைத்தள வீடு கிடைக்காமல் அலைந்து ஓய்ந்திருந்தாள்.

கதவைத் திறந்த பெரியவர் அவளை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தார். “இப்பத்தான் வேற ஒருத்தருக்குக் கொடுத்தேன், ரொம்ப வருத்தம்.”

கதவைச் சாத்தினார். அவள் வாசலிலேயே நின்றாள்.

பைக்குள் சங்கத்துக் கைபேசி அதிர்ந்தது. எடுத்துக் காதில் வைத்தாள். கதவுக்குப் பின்னால் கேட்ட குரலே காதிலும் கேட்டது.

“மேடம், நீங்க சொன்னதை அப்படியே சொல்லிட்டேன். அந்தக் கறுப்பி நகரவே மாட்டேங்குறா. எப்படித் துரத்துறதுன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்.”