கரடி பிறந்த பனித்திட்டு

வடதுருவத்தில் நீந்திக் களைத்த வெள்ளைக்கரடி ஒன்று, வானத்தில் சுற்றிய பழைய செயற்கைக்கோளை அண்ணாந்து பார்த்துக் கேட்டது.

"அண்ணே, நான் பிறந்த பனித்திட்டு இங்கேதானே இருந்தது?"

"ஆமாம்மா, கரைஞ்சுபோச்சு. படம் எங்கிட்ட இருக்கு. உங்கம்மா முதுகிலே ஏறிச் சறுக்கி விளையாடுவியே!"

"கரையறதை மனுஷங்ககிட்டே சொல்லலியா?"

"வருஷா வருஷம் படம் அனுப்பினேன். எவ்வளவு தெளிவா இருக்குன்னு என்னைப் பாராட்டினாங்க. இப்போ என்னை நிறுத்திட்டு, இன்னும் தெளிவா படமெடுக்கிற புதுசு ஒண்ணை அனுப்பறாங்களாம்."

"அதுக்கு எங்கம்மாவைத் தெரியுமா?"

"இங்கே பனி இருந்ததே அதுக்குத் தெரியாதும்மா."

"அப்போ நீங்களே இன்னும் கொஞ்சம் சொல்லுங்கண்ணே."

செயற்கைக்கோள் சொல்லிக்கொண்டே நகர்ந்தது. கரடி களைப்பை மறந்து, கேட்டுக்கொண்டே அதன் பின்னால் நீந்தியது.