மூன்றாவது படி

ஸ்டீல் ட்ரே நர்ஸின் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதிக் கீழே விழுந்தது.

“கையெழுத்துப் போடுன்னா போடணும்!” டாக்டர் ஒரு கடிதத்தை நர்ஸின் மூக்குக்கு நேரே நீட்டினார். “அந்தப் பேஷண்டம்மாவுக்கு ஊசி அலர்ஜின்னு நீ எங்கிட்ட சொல்லவே இல்லன்னு எழுதியிருக்கு.”

“சொன்னேன் டாக்டர். ரெண்டு தடவை சொன்னேன்.” இரவு டியூட்டி முடிந்து நேராக வந்திருந்த நர்ஸின் குரலில் சண்டை போடக்கூடத் தெம்பில்லை. “அவங்க பொழச்சதே பெரிய விஷயம். இதுல கையெழுத்துப் போட்டா என் பதினோரு வருஷ வேலை போயிடும்.”

பயிற்சி வகுப்புக்காகக் காலி செய்யப்பட்ட அந்தப் பழைய வார்டில் முப்பது ஊழியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நிமிர்ந்து பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து கொட்டாவியைத் தொடர்ந்தார்கள்.

வாசலில் பலத்த கைதட்டல். கோட்டும் டையுமாகப் பயிற்சியாளர் நின்றிருந்தார். பக்கத்தில் மருத்துவமனையின் தலைவர்.

“பிரமாதம்! ‘சக ஊழியர்களிடையே வன்முறை: ஐந்து படிகளில் தீர்வு’ன்னு நான் வாயைத் திறக்கறதுக்குள்ள ஆரம்பிச்சிட்டீங்களே! போன்ல நான் ஃபைலை வீசுங்கன்னுதான் சொன்னேன். நீங்க ட்ரேயையே வீசிட்டீங்க!”

டாக்டர் ஒரு கணம் தலைவரைப் பார்த்தார். பிறகு பல்லெல்லாம் தெரியச் சிரித்து, சபையை நோக்கிக் கும்பிட்டார். தலைவர் கை தட்டினார்; அவர் தட்டியதால் முப்பது பேரும் தட்டினார்கள்.

“சார், நான் வந்து…” என்றார் நர்ஸ்.

“அப்படியே சோகமா நில்லுங்கம்மா, முகபாவம் கலையக் கூடாது! முதல் படி, நிறுத்து. ரெண்டு, மூச்சை இழு. மூணாவதுதான் உயிர்நாடி. அடிச்சவர் உண்மையைத் தன் வாயாலயே சொல்லணும். டாக்டர், மைக்கைப் பிடிங்க. வீடியோ தலைமையகத்துக்குப் போகுது.”

கைதட்டலில் ருசி கண்டுவிட்ட டாக்டர் மைக்கை வாங்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டு நெஞ்சில் கை வைத்தார்.

“சிஸ்டர், அந்த ஊசி ஒத்துக்காதுன்னு நீங்க ரெண்டு தடவை சொன்னீங்க. ‘எனக்கே பாடம் எடுக்கறியா, போடு’ன்னு கத்தினது நான். அப்புறம் பழியையும் உங்க மேலயே போட்டேன். என்னை மன்னிச்சிடுங்க.”

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “என்னமா நடிக்கறான்! நிஜத்துல எந்த டாக்டர்யா இப்படி ஒத்துக்கறான்?”

நர்ஸ் பக்கத்து நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். கண் தானாக மூடிக்கொண்டது.

அப்போது லேப் டெக்னீஷியனும் மருந்து கொடுக்கும் பெண்ணும் மூச்சிரைக்க உள்ளே ஓடி வந்தார்கள்.

“மன்னிச்சிடுங்க சார், லேப்ல ஒரே கூட்டம். டாக்டரா நடிக்கறது நான், சிஸ்டரா நடிக்கறது இவங்க. ஆரம்பிக்கலாமா?”