மைனாவின் இறகு எண்ணெய்

மழைக்காலத்துக்குள் கொஞ்சம் கூடுதலாகச் சேர்க்க வழி தேடிக்கொண்டிருந்த அணிலிடம், பக்கத்துக் கிளை மைனா மூன்றாவது முறையாக வந்தது. கையோடு இறகுக்குப் பூசும் எண்ணெய்.

"இருபது வாதாங்கொட்டை கட்டிச் சேர்ந்துடுங்கக்கா. உங்களுக்குக் கீழே ரெண்டு பேரைச் சேர்த்துவிட்டா போதும், உட்கார்ந்தே சாப்பிடலாம்."

"எனக்கு இறகே இல்லையேம்மா."

"நீங்க பூச வேண்டாம், வித்தா போதும்."

அணிலுக்குச் சலிப்பாக வந்தது. ஆனாலும் குட்டிகளை நினைத்து, வாங்க ஆள் உண்டா என்று மரம் முழுக்க விசாரித்தது. கிளி, மரங்கொத்தி, ஆந்தை எல்லாம் ஆளுக்கொரு எண்ணெய்ப் புட்டியை நீட்டி, "எனக்குக் கீழே சேருங்களேன்" என்றன.

கால் கடுக்கத் திரும்பிய அணில், "ஆளை விடும்மா" என்றது.

மைனா வற்புறுத்தவில்லை. "சரிக்கா. சாப்பிட ஏதாவது இருந்தா குடுங்க. ஆள் சேர்க்க அலைஞ்சதுல, இரை தேடப் போய் நாலு நாளாச்சு."