ஒரு சொட்டு இறங்காது

விரல் ஈரமாகவில்லை.

அவள் முக்காலியில் நின்றிருந்தாள். மூக்கையும் வாயையும் சேர்த்துப் பழைய துப்பட்டாவால் கட்டியிருந்தாள். முக்காலிக்குக் கீழே பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளி. வலது கை, கூரையின் மூலையில்.

அந்த மூலையில்தான் பூஞ்சை.

ஆடி மாதம் ஒரு பொட்டு அளவு இருந்தது. ஐப்பசியில் தோசை அளவு. இப்போது மகளின் கட்டிலுக்கு நேர்மேலே, கறுப்பாக, ஓரங்களில் பச்சையாக, பூனைக்குட்டியின் முதுகுபோல் மெல்லிய மயிரோடு.

எப்போது தொட்டாலும் சில்லென்று விரலில் பிசுபிசுக்கும். இன்று பொடியாக உதிர்ந்தது.

காய்ந்துவிட்டது.

"நெற! காஞ்சு போச்சுடி!"

நிறைமதி கூடத்தில் உட்கார்ந்து மூச்சு மருந்து தரும் நெபுலைசரின் முகமூடியை அழுத்திப் பிடித்திருந்தாள். ஆறு வயது. பேசக் கூடாது என்பதால் கட்டைவிரலை மட்டும் தூக்கிக் காட்டினாள்.

மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும், முதலில் அந்தக் கறுப்பை எடுங்கள் என்று டாக்டர் சொல்லி ஒரு மாதம். எடுத்தாள். மூன்று முறை. மூன்று முறையும் ஒரே வாரத்தில் திரும்பி வந்தது. ஈரம் நிற்காமல் அது போகாது.

ஈரம் நின்றுவிட்டது.

ஸ்பாஞ்சை நனைத்துத் தேய்த்தாள். கறுப்பு கரைந்து டிகாக்ஷன்போல முழங்கை வழியே ஓடியது. கண் எரிந்தது. துப்பட்டாவுக்குள் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு முழம் வெள்ளையானபோது கை தானாக நின்றது.

ஏன் நின்றது ஈரம்?

மேலே இருப்பது கண்டக்டர் ஏகாம்பரத்தின் குளியலறை. தனி ஆள். ஓய்வு பெற்றுப் பத்து வருடம். காக்கிச் சட்டையை விட்டாரே தவிர விசிலை விடவில்லை. காலை ஆறு மணிக்கு ஒரு குளியல், மாலை ஆறு மணிக்கு ஒரு குளியல். தண்ணீர் ஊற்றும் முன் ஒரு விசில். முடிந்ததும் இரண்டு.

"ஒரு விசிலுக்கு வண்டிய நிறுத்து. கட்டில இஸ்துக்கோ, பக்கெட்ட வை. ரெண்டு விசிலுக்குப் போலாம் ரைட்டு!" என்று நிறைமதிக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.

குழந்தைக்கு அது விளையாட்டு. குழாயை மாற்ற ஆள் வருகிறான், வருகிறான் என்று நான்கு மாதமாகக் கேட்டவளுக்கு விளையாட்டு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் நின்று கத்தினாள். முந்தைய இரவு முழுக்கக் குழந்தைக்கு மூச்சு இழுத்திருந்தது. எல்லா வீட்டுக் கதவும் திறந்து கேட்டது.

"ரெண்டு வேள குளியல் கேக்குதா உங்களுக்கு? குளிக்கலன்னா இன்னா, செத்தா பூடுவீங்க?"

அவர் ஈரத் துண்டோடு நின்றார். கழுத்துக் கயிற்றில் தொங்கிய விசிலைக் கழற்றி உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"சரிம்மா. இனிமே ஒரு சொட்டு எறங்காது."

இன்று வியாழன்.

கீழே அடிபம்பில் குளிக்கிறாராக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். அடிபம்பு அவள் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே. நான்கு நாளும் பல் விளக்கியவர்கள், பாத்திரம் தேய்த்தவர்கள், துணி அலசியவர்கள் எல்லாரையும் பார்த்தாள்.

அவரை ஒரு நாளும் பார்க்கவில்லை.

மேலே ரப்பர் செருப்பு தரையில் இழுபடும் சத்தம் எப்போது கேட்டது? யோசித்தாள். நான்கு நாளாக நிம்மதியாகத் தூங்கியது மட்டும்தான் நினைவுக்கு வந்தது.

சுவரில் சாய்ந்திருந்த ஒட்டடைக் கம்பை இடது கையால் எடுத்தாள். கூரையில் ஒரு முறை தட்டினாள்.

காத்திருந்தாள்.

இரண்டு முறை தட்டினாள்.

சுண்ணாம்புத் தூள் கண்ணில் விழுந்தது. வேறு எதுவும் இல்லை.

எப்படி இறங்கினாள், எப்படிப் படியேறினாள் என்று தெரியவில்லை. மேல்வீட்டுக் கதவில் வெளிப்பூட்டு இல்லை. தள்ளிப் பார்த்தாள். உள்ளே தாழ்ப்பாள்.

"கண்டக்டர் சார்!"

தட்டினாள். பிறகு முஷ்டியால் ஓங்கி அடித்தாள்.

"சார், நான்தான், கீழ்வீடு. கதவத் தெறங்க சார். ஏதோ கோவத்துல சொல்லிட்டேன். நீங்க குளிங்க சார். எத்தினி வேள வேணும்னாலும் குளிங்க."

கதவில் காதை வைத்தாள். தன் ரத்தம் ஓடும் சத்தம்தான் கேட்டது.

அப்போது கீழிருந்து நிறைமதியின் குரல் வந்தது.

"அம்மா! சொட்டுது! கட்டில் மேல சொட்டுதும்மா!"

அவள் கதவில் சாய்ந்தாள். அடக்கிவைத்திருந்த மூச்சு முழுவதும் ஒரே தடவையாக வெளியே வந்தது. நான்கு மாதமாக அவள் சபித்த சொட்டு. சொட்டட்டும். வீடே நனையட்டும்.

மணிக்கட்டில் ஏதோ குளிர்ந்தது.

குனிந்து பார்த்தாள். ஸ்பாஞ்சு இன்னும் கையில்தான் இருந்தது. அதிலிருந்து பிளீச்சிங் தண்ணீர் ஒவ்வொரு சொட்டாக அவர் வாசற்படியில் விழுந்துகொண்டிருந்தது.

கூரையை நனைத்ததும் இதே ஸ்பாஞ்சுதான்.

கைப்பிடிச் சுவரில் எக்கி, கீழ்நோக்கிக் கத்தினாள்.

"நெற! விசில் கேட்டுச்சா?"

நெபுலைசர் இரைச்சல் நின்றது.

பதில் சொல்வதற்காகக் குழந்தை மூச்சை இழுப்பது கேட்டது. மெல்ல. நீளமாக.